‘10.5’ என்ற பேரிடர்க் குறுந்தொடர்: கடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் பள்ளி மாணவர்களுக்குப் புவியியல் நடத்துகிறேன். பேரிடர் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ‘10.5’ என்ற பெயர் அடிபடுகிறது. கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அதன் துண்டுக் காட்சிகளை மாணவர்கள் பார்க்கிறார்கள், வீட்டில் காட்டுகிறார்கள், அங்கிருந்தும் கேள்விகளைக் கொண்டுவருகிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

இது என்ன தொடர்? கதை என்ன?

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2004 மே 2, 3 ஆகிய இரண்டு இரவுகளில் ஒளிபரப்பிய குறுந்தொடர். ஜான் லாஃபியா இயக்கினார். கிம் டெலானி சமந்தா ஹில் என்ற நிலநடுக்க ஆய்வாளராகவும், போ பிரிட்ஜஸ் அமெரிக்க அதிபராகவும் நடித்தார்கள். சியாட்டில் நகரத்தில் தொடங்கும் நிலநடுக்கம் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி இறங்கி வருகிறது; வரவர வலுக்கிறது. பூமிக்கடியில் வெகு ஆழத்தில் யாரும் அறியாத ஒரு பிளவு ஒளிந்திருக்கிறது என்கிறார் சமந்தா. மற்ற நிபுணர்கள் நம்ப மறுக்கிறார்கள். பிறகு அந்தப் பிளவை அணுகுண்டுகளால் ஒட்டவைக்க முயல்கிறார்கள். அது முழுதாகப் பலிக்கவில்லை. 10.5 அளவில் பூமி ஆடி, தென் கலிபோர்னியாவின் ஒரு பகுதி தனியாகப் பிரிந்துவிடுகிறது.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

பெரும்பாலானவர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அறிவியல் என்ற பெயரில் காதில் பூ சுற்றுகிறார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. அறிவியல் விளக்கத்தைத் தவிர வேறெதுவும் பேசாத உரையாடல்கள் இரண்டாவது. ஊரே இடிந்துகொண்டிருக்கும்போது பிரிந்த குடும்பங்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றுசேர்வது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கேமராவைத்தான் அதிகம் திட்டினார்கள். நிலம் அமைதியாக இருக்கும் காட்சியிலும், இரண்டு பேர் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியிலும் கேமரா வெடுக்கென்று முன்னே பாய்வதும் பின்வாங்குவதுமாக இருக்கும். நம் மாலை நேரத் தொடர்களில் மருமகள் ஒரு வார்த்தை சொன்னதும் மாமியாரின் முகத்தை மூன்று முறை நெருங்கிக் காட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த உத்திதான். அதில் ஊறிப்போன நம் வீட்டுப் பெண்கள் இந்தக் குறையை முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடித்துவிடுகிறார்கள்.

இந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாமே நியாயமானவை என்றே நினைக்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கீழே வருகிறேன்.

இவ்வளவு திட்டு வாங்கிய தொடரை இரண்டு கோடிப் பேர் ஏன் பார்த்தார்கள்?

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு மே மாதம் கணக்கெடுப்பு மாதமாக இருந்தது. எந்த அலைவரிசையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அப்போது எடுக்கும் கணக்கை வைத்து விளம்பரக் கட்டணம் முடிவாகும். அதனால் கூட்டம் சேர்க்கக்கூடிய பிரம்மாண்டங்களை அந்த மாதத்துக்கென்றே எடுத்துவைப்பார்கள். ‘10.5’ அப்படி வந்ததுதான். சுமார் இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள்.

அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஸ்பேஸ் நீடில் கோபுரம் சாய, அதன் கீழே ஓர் இளைஞன் சைக்கிளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கும் தொடக்கக் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் கை காலெல்லாம் பதறும். கோல்டன் கேட் பாலம் அறுந்து விழும் காட்சியும் அப்படித்தான். தினமும் நாம் கடந்துபோகும் ஒரு பெரிய கட்டடம் விழுந்தால் எப்படியிருக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. அதைப் பத்திரமான இடத்தில் உட்கார்ந்து பார்த்துத் தீர்த்துக்கொள்வதில் தவறு என்ன?

10.5 அளவில் நிலநடுக்கம் வர முடியுமா?

நமக்குத் தெரிந்த எந்தப் பிளவாலும் முடியாது. நிலநடுக்கத்தின் அளவு, எவ்வளவு நீளத்துக்குப் பாறை முறிந்து நழுவுகிறது என்பதைப் பொறுத்தது. கருவிகளில் பதிவானவற்றில் மிகப் பெரியது 1960-ல் சிலி நாட்டில் வந்த 9.5. நம் கரையை அடித்த 2004 டிசம்பர் 26 சுனாமிக்குக் காரணமான சுமத்ரா நிலநடுக்கம் 9.1. அன்று முறிந்த நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஈடானது. 10-ஐத் தாண்ட வேண்டுமென்றால் பூமியின் பெரும்பகுதியைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு ஒரே பிளவு வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

9.1-க்கும் 10.5-க்கும் ஒன்றரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லையே என்று மாணவர்கள் கேட்பார்கள். இந்த அளவுகோலில் ஒரு புள்ளி ஏறினால் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் 10.5 என்பது சுமத்ராவைப் போல நூறு மடங்குக்கும் அதிகம்.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று சொல்கிறேன். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஒரு நிலநடுக்கம் வந்தது. அளவு 5.5. சென்னை வரை உணர்ந்தார்கள். மாடிகளிலிருந்து மக்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். அதோடு ஒப்பிட்டால் சுமத்ரா நிலநடுக்கம் இரண்டரை லட்சம் மடங்கு பெரியது. தொடரில் வரும் கற்பனை நிலநடுக்கமோ மூன்று கோடி மடங்கு. கரும்பலகையில் இந்தப் பூஜ்யங்களை எழுதி முடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

பூமி வாயைப் பிளந்து ரயிலை விழுங்குமா?

விழுங்காது. தொடரில் ஓடும் ரயிலை நிலத்து வெடிப்பு ஒன்று துரத்திக்கொண்டே வந்து விழுங்குகிறது. உண்மையில் பிளவின் இரண்டு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த இறுக்கத்தை மீறி நழுவும்போதுதான் அதிர்ச்சி பிறக்கிறது. இரண்டு பக்கமும் விலகிக்கொண்டால் உராய்வே இருக்காது. உராய்வு இல்லையென்றால் நிலநடுக்கமே இல்லை. மண்சரிவாலும், ஈரமணல் குழம்பாகி இளகுவதாலும் தரையில் ஆழமற்ற வெடிப்புகள் விழுவதுண்டு. அவை யாரையும் துரத்துவதில்லை.

கலிபோர்னியா பிரிந்து தீவாகுமா?

ஆகாது. அங்கே சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரண்டு பக்கமும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்கின்றன, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் வடக்கே நகர்ந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் வந்து சேரும். கடலில் விழாது.

பக்கவாட்டு நகர்வுக்கும் மேல்கீழ் நகர்வுக்கும் உள்ள வேறுபாடு நம் கரையில் வசிப்பவர்களுக்கு நேரடியாகவே தெரிந்த ஒன்று. 2004-ல் சுமத்ராவுக்கு அப்பால் கடல்தளம் மேலே எழும்பியது. தன் மேலிருந்த தண்ணீரைத் தூக்கித் தள்ளியது. 2012 ஏப்ரல் 11 அன்றும் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பெரிய நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் மேடான இடங்களுக்குப் போனார்கள். ஆனால் பெரிய அலை வரவில்லை. அன்று கடல்தளம் பக்கவாட்டில் நகர்ந்தது. தண்ணீரை அவ்வளவாகத் தூக்கவில்லை. “சும்மா ஓட வைத்துவிட்டார்கள்” என்று அன்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: தரை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று உறுதியாகத் தெரியும் வரை காத்திருந்தால், அலை வந்துவிடும்.

அணுகுண்டு போட்டுப் பிளவை ஒட்ட முடியுமா?

முடியாது. ஒட்டிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், பூமியின் மேலோடாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகள் நகர்வது நிற்காது. இன்னோர் இடத்தில் முறியும்.

விஞ்ஞானிகள் இதைப் பார்த்துக் கோபப்பட்டார்களா?

கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், தொடர் கிளப்பிய சந்தேகங்களுக்கு எளிய மொழியில் விளக்கங்கள் கொடுத்தார்கள். எது நடக்கும், எது நடக்காது, வீட்டில் என்ன தயார் செய்து வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். கேலி செய்துவிட்டு ஒதுங்கிப் போகாமல், இரண்டு கோடிப் பேரின் கவனம் ஒரே விஷயத்தில் குவிந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆசிரியர்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

நம் ஊரில் இதைப் பார்ப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

‘10.5’ ஒளிபரப்பானது 2004 மே மாதம். அதே ஆண்டு டிசம்பரில் நம் கரையை சுனாமி அடித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா, கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். திட்டு என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே இங்கே பேச்சு நின்றுவிடும். அதனால் இந்தத் தொடரை இங்கே பார்ப்பவர்களின் கண் வேறு மாதிரி இருக்கிறது.

என் மாணவன் ஒருவனின் பாட்டி மீன் விற்பவர். பேரனின் கைப்பேசியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பாலம் விழும் காட்சியைப் பார்த்தார். எல்லோரும் பாலத்தையே பார்க்க, அவர் கேட்டது வேறு. “பாலத்துக்கு அடியில் படகில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் சார்?” தொடரில் அதைக் காட்டவில்லை. பிறகு கடல்நீர் நிலத்துக்குள் பாயும் காட்சி வந்தது. “தண்ணீர் இப்படித் தெளிவாக இருக்காது. கறுப்பாக வந்தது. சேறும் மணலும் மரத்துண்டும்தான் அதிகம், தண்ணீர் கொஞ்சம்தான்” என்றார். எந்த விமர்சகரும் எழுதாத விமர்சனம் அது.

அவர் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “அவ்வளவுதானா? முடிந்துவிட்டதா?”

நான் மேலே சொன்ன பெரிய குறை இதுதான். தொடரில் பூமி ஆடி நின்றதும் பேரிடர் முடிந்துவிடுகிறது. அதிபர் உரையாற்றுகிறார், குடும்பங்கள் கட்டிக்கொள்கின்றன, எழுத்துகள் ஓடத் தொடங்குகின்றன. நம் கரையில் அலை அடித்தது சில நிமிடங்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது. பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கல், ரேஷன் அட்டை கடலோடு போனதால் நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க அலைச்சல், தார் அட்டைக் கூரை போட்ட தற்காலிகக் கொட்டகைகளில் கொதிக்கும் வெயில், உப்புக் கரித்த கிணறு, படகும் வலையும் யாருக்கு எப்போது கிடைக்கும் என்ற பேச்சு, கடலை விட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளுக்குப் போவதா வேண்டாமா என்ற வழக்கு. இவற்றில் ஒன்றுகூட இல்லாத கதையைப் பேரிடர்க் கதை என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ரிக்டர் கணக்கில் செய்த பிழையைவிட இது பெரிய பிழை.

சுனாமியில் உறவுகளை இழந்தவர்கள் இதைப் பார்க்கலாமா?

அவரவர் விருப்பம். வற்புறுத்திக் காட்டக் கூடாது. தண்ணீர் வரும் காட்சிகளில் எழுந்து போய்விடுகிறவர்களை ஏன் என்று கேட்காமல் விடுங்கள். டிசம்பர் மாதத்தில் நான் வகுப்பில் இதைப் போடுவதில்லை.

ஒரு நிபுணர் எச்சரிக்கிறார், யாரும் கேட்பதில்லை. நிஜத்திலும் அப்படித்தானா?

பேரிடர்க் கதைகள் எல்லாவற்றிலும் வரும் பாத்திரம் இந்தத் தனி நிபுணர். கதைக்கு வசதியானவர். நம் கரையில் நடந்தது வேறு. 2004-ல் சுமத்ராவில் காலை ஆறரை மணியளவில் நிலம் ஆடியது. நம் கரைக்கு அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை. யாரோ சொல்லி யாரோ கேட்க மறுத்த கதை அல்ல அது. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே அப்போது இருக்கவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-ல்தான் செயல்படத் தொடங்கியது.

ஆனால் புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். நிலநடுக்கச் செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல் நீர் ஊருக்குள் வருவதாக வீட்டில் சொன்னதும், எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த தகவல் மையம் இருந்தது. கடல் நிலவரத்தை மீனவர்களுக்கு அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின.

தினமும் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் சொல்லிவந்த குரல் என்பதால்தான், அன்று அந்தக் குரலை ஊர் நம்பியது. என் வகுப்பில் ‘10.5’ பற்றிப் பேசும்போதெல்லாம் நல்லவாட்டையும் சேர்த்தே சொல்கிறேன். மேதைப் பெண்ணும் அதிபரும் அணுகுண்டும் இல்லாமல், ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும் உடைத்த கதவும் கொண்ட கதை. கேட்கும் பிள்ளைகள் மூச்சுவிட மறந்து கேட்கிறார்கள்.

தொடரில் சரியாகக் காட்டியது ஏதாவது உண்டா?

உண்டு. பெருங்கூட்டத்தை ஒரே நேரத்தில் வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதை ஓரளவு காட்டுகிறார்கள். கூடார முகாம்களில் அடைபட்ட மக்கள் பொறுமை இழப்பதும் நம்பும்படி இருக்கிறது.

இரண்டாம் பாகம் பார்க்கலாமா?

2006 மே மாதம் வந்தது. வட அமெரிக்கக் கண்டமே இரண்டாகப் பிளக்கிறது. முதல் பாகத்தின் குறைகள் எல்லாம் அப்படியே. கேமரா ஆட்டம் உட்பட. முதல் பாகம் போதும்.

நம் பகுதியை வைத்து ஒரு பேரிடர்த் தொடர் எடுத்தால் எப்படி இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை மாணவர்களிடமே விட்டேன். வந்த பதில்களில் பாதி புயலைப் பற்றியது. சரியான தேர்வு. கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இதைவிடப் பரபரப்பான எண் வரிசையை எந்தக் கதாசிரியர் எழுதிவிட முடியும்?

புயலில் காத்திருத்தல் அதிகம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டுவிட்டு நகராமல் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் படி படியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, எந்தச் சாமானை முதலில் அலமாரி மேலே ஏற்றுவது என்று முடிவெடுக்கும் ஓர் இரவு. பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டடம் இடியும் தொடரில் இதற்கு இடமே கிடைக்காது.

பிறகு தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பருவத்தில் நடலாம். ஒரு தலைமுறை வளர்த்த பலா மரம் சாய்ந்தால், புதுக்கன்று வைத்துக் காய் பறிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்தது, யார் சென்னைக்கு வேலைக்குப் போனார்கள், நகை எந்த மாதத்தில் மீண்டது என்று ஒருவர் தொடராக எடுத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன். அதில் கிராபிக்ஸ் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

வகுப்பில் அல்லது வீட்டில் பிள்ளைகளோடு பார்த்தால் என்ன செய்யலாம்?

முழுத் தொடரும் வேண்டாம். ஏதாவது ஒரு கட்டடம் ஆடும் காட்சி போதும். கட்டடத்திலிருந்து மக்கள் ஓடிவரும் இடத்தில் நிறுத்துங்கள். அவர்கள் செய்வது சரியா என்று கேளுங்கள். நிலம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஓடினால்தான் விழுந்து அடிபடுவோம், மேலிருந்து விழும் செங்கலும் கண்ணாடியும் தாக்கும். உடனே குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு வெளியே வரலாம்.

கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக ஆடினாலோ, நீண்ட நேரம் ஆடினாலோ, ஆட்டம் நின்றதும் யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் உள்ளே மேட்டை நோக்கிப் போய்விட வேண்டும். கடல் உள்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. உள்வாங்காமலும் அலை வரும் என்பதையும் சொல்லிவையுங்கள். முதல் அலை போனதும் திரும்பி வரக் கூடாது. அடுத்தவை அதைவிடப் பெரியவையாக இருக்கலாம். 2004-ல் நில அதிர்வை நம் கரையில் பலர் உணரவே இல்லை. தொலைவில் நடந்த நிலநடுக்கத்துக்கு ஒலிபெருக்கியும் கைப்பேசிச் செய்தியும்தான் வழி. ஆகவே அறிவிப்பு வந்தால் அதையும் மதிக்க வேண்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒருமுறை எல்லோரையும் பெஞ்சுக்கு அடியில் போகச் சொல்லுங்கள். ஜன்னலை ஒட்டிய வரிசையை முதலில் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். உயரமான பையன்களுக்குப் பெஞ்சுக்கு அடியில் இடம் போதாது. அவர்கள் உள்சுவரை ஒட்டிக் குனிந்து, இரண்டு கைகளாலும் தலையையும் பிடரியையும் மறைத்துக்கொள்ளட்டும்.